குறிகட்டுவானில் இறங்கிய தனியன்

யாழ்ப்பாணத்தில் ஏறினால், 776ஆம் இலக்க பஸ் பண்ணைத் தாம்போதியைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, வாணர் பாலத்தால் புங்குடுதீவுக்குள் நுழைந்து, கடைசியில் குறிகட்டுவானில் கொண்டுபோய் இறக்கிவிடும். அதற்கப்பால் தெரு இல்லை. எதிரே நயினாதீவு அம்மன் கோபுரம். நெடுந்தீவுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஒரு மணித்தியாலக் கடல். ஆசிரியர், தாதி, அரிசி மூடை, காஸ் சிலிண்டர், பிணம், மணப்பெண் என்று அந்த இரண்டு தீவுகளின் போக்குவரத்தும் பெரும்பாலும் இந்த ஒரு இறங்குதுறையால்தான் நடக்கிறது.

சினிமாவில் ஒரு வகைப் படம் உண்டு. ஒருவன் தனியாக ஓர் ஊருக்கு வருவான். அதிகம் பேசமாட்டான். அவனுக்குப் பின்னால் ஒரு குற்றம் இருக்கும், இல்லையென்றால் முன்னால் ஒன்று காத்திருக்கும். கமரா அவனை அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருக்கும். 1967இல் ஜான் பியர் மெல்வில் எடுத்த 'லு சாமுராய்' படத்தில் முதல் பத்து நிமிடம்வரை ஒரு வசனமும் கிடையாது. அலன் டெலோன் கட்டிலில் படுத்துப் புகைத்துக்கொண்டிருப்பார், கூண்டில் ஒரு குருவி கத்தும். ஜிம் ஜார்முஷ் 2009இல் எடுத்த 'தி லிமிட்ஸ் ஒஃப் கன்ட்ரோல்' படத்தில் ஸ்பெயினுக்கு வரும் மனிதனுக்குப் பெயரே இல்லை. போகிற கடையெல்லாம் இரண்டு கோப்பைகளில் இரண்டு எஸ்பிரெசோ கேட்பான், தீப்பெட்டிக்குள் வரும் துண்டைப் படிப்பான், அடுத்த ஊருக்குப் போவான். இந்த வகைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குறிகட்டுவான்தான் நினைவுக்கு வரும். தெரு முடிந்து தண்ணீர் தொடங்கும் இடம், பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒருவன். இதற்குமேல் அந்தப் படத்துக்கு என்ன வேண்டும்?

ஆனால் எழுபதுகளில் இங்கே அப்படியொரு படம் எடுத்திருக்கவே முடியாது. அப்படி ஒருவனைத் தனியாக விட்டிருக்க மாட்டார்கள். லோஞ்சுக்குக் காத்து நிற்கும் முதியவர் ஒருவர் பத்து நிமிடத்துக்குள் பக்கத்தில் வந்துவிடுவார்.

“தம்பி எவடம்?”

“நயினாதீவு, ஐயா.”

“ஆற்றை பிள்ளை?”

தகப்பன் பெயரைச் சொன்னால் பேரன் பெயரை அவர் சொல்லுவார். கொழும்பிலும் தென்னிலங்கை ஊர்களிலும் கடை வைத்திருந்த தீவார் ஆனித் திருவிழாவுக்கு வந்து இறங்குகிற காலம் அது. எந்தக் கடையில் நின்றவன், யாருடைய மருமகன், கடைசியாக எப்போது ஊருக்கு வந்தவன் என்பதெல்லாம் படகு ஏறுமுன் தெரிந்துவிடும். நெடுந்தீவுக்கு மாற்றலாகிப் போகும் புது ஆசிரியரும் கரை சேர்வதற்குள் இருக்க வீடும் சாப்பாட்டுக்கு ஒழுங்கும் செய்துகொண்டு விடுவார். அந்த விசாரிப்பில் அன்பு இருந்தது உண்மை. அதற்குள்ளேயே சாதியை அறிந்துகொள்ளும் நோக்கமும் இருந்தது. எவடம் என்று கேட்டு, எந்தக் குறிச்சி என்று கேட்டு, அதன்பிறகே தண்ணீர்ச் செம்பை நீட்டுவதா இல்லையா என்று முடிவு செய்தவர்களும் இதே துறையில்தான் நின்றார்கள். அன்றைய நாட்களை ஏக்கத்தோடு சொல்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடக் கூடாது.

அந்தக் காலத்துக் கதைகளில் அந்நியன் என்றால் வெளியிலிருந்து வருகிறவன். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் நெடுந்தீவுக் கரையில் நடக்கிறது. வாடை பெயர்ந்ததும் வேறு ஊர் மீனவர்கள் வந்து வாடி போடுகிறார்கள். அவர்களோடு தொழில் போட்டி வருகிறது, காதல் வருகிறது, பகை வருகிறது. காற்று மாறினால் போய்விடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 1978இல் பிரேம்நாத் மொறாயஸ் அதைப் படமாக்கினார். இலங்கைத் தமிழ்ப் படங்களில் மக்கள் இன்றும் பெயர் சொல்லும் சிலவற்றில் அது ஒன்று. அதில் வருகிறவர்கள் உரக்கப் பேசுவார்கள், பாடுவார்கள், அடிபடுவார்கள். வந்தவன் யார் என்பதில் பார்ப்பவருக்கு ஒரு மயக்கமும் கிடையாது.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1977இல், வேறொரு படம் வந்தது. தர்மசேன பத்திராஜ எடுத்த 'பொன்மணி'. பத்திராஜ சிங்களவர், எழுபதுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். கதை வசனம் எழுதியவர் காவலூர் ராஜதுரை. காவலூர் என்பது ஊர்காவற்றுறை. நம்முடைய தீவகத்து மனிதர். சீதனத்துக்கும் சாதிக்கும் இடையில் மாட்டுப்பட்ட ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் கதை அது. சர்வம் கைலாசபதி, சித்திரலேகா மௌனகுரு போன்றவர்கள் நடித்தார்கள். பொன்மணி அதிகம் பேசமாட்டாள். வீட்டுக்குள் நிற்பாள், பார்ப்பாள், நடப்பாள். சொந்த வீட்டில் அவள் ஒரு தனியன்.

படம் ஓடவில்லை. வின்சரிலும் ராஜாவிலும் மனோகராவிலும் எம்.ஜி.ஆர், சிவாஜி பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு அந்த மௌனம் பிடிபடவில்லை. தீவகத்திலிருந்து பஸ் பிடித்து நகரத்துக்கு வந்து, கடைசி பஸ்ஸைத் தவறவிடக் கூடாதே என்ற பதைப்போடு படம் பார்க்கிறவனிடம் நீண்ட மௌனத்தை ரசி என்று சொல்வது கடினம்தான். ஆனாலும் குறைவாகப் பேசுகிற படம் நமக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் நான் பொன்மணியைக் காட்டுவேன். நம்முடைய வீடுகளில் அந்த மௌனம் ஏற்கெனவே இருந்தது.

பிறகு வந்தது 1985 மே 15. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்தார்கள். ஏறி வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். படகின் உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராக வெளியே கூப்பிட்டு, பெயர் என்ன, வயது என்ன, எந்த ஊர், எங்கே போகிறாய் என்று உரத்துச் சொல்லச் சொல்லி வெட்டினார்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்டது அந்தப் பெயர்கள்தான். குழந்தைகளும் பெண்களும் கொல்லப்பட்டார்கள். இதற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. முதியவர்கள் துறையில் நின்று கேட்ட அதே கேள்வி, அதே கடலில், வெட்டுவதற்கு முன் கேட்கும் கேள்வியாக மாறியது. இதை நினைக்காமல் குறிகட்டுவானைப் பற்றி யாரும் எழுத முடியாது என்றே நான் நம்புகிறேன்.

1990, 91இல் தீவகத்தின் பெரும்பகுதி எழும்பிப் போனது. மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று சனம் பண்ணைக் கடலைக் கடந்து யாழ்ப்பாணம் சென்றது. அங்கிருந்து வன்னி, கொழும்பு, கனடா, பிரான்ஸ், சுவிஸ். துறையில் கேள்வி கேட்கும் வேலையைக் கடற்படை எடுத்துக்கொண்டது. அடையாள அட்டையைக் கொடு, பெயரைப் பதி, எத்தனை நாள், யார் வீடு. கேட்கிறவனுக்குப் பதிலின் அர்த்தம் தெரியாது. அட்டையில் இருக்கும் இலக்கம் போதும். மறுமொழி சொல்கிறவன் சொந்தக் கடலுக்கு முன்னால் நின்று தான் யார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

போர் 2009 மே மாதத்தில் முடிந்து மூன்று வருடங்களில் வந்த படம்தான் என் பார்வையில் நமக்குக் கிடைத்த உண்மையான தனியன் படம்: அசோக ஹந்தகம தமிழிலேயே எடுத்த 'இனி அவன்'. 2012இல் கான் விழாவின் அசிட் பிரிவில் திரையிட்டார்கள். புனர்வாழ்வு முடிந்து யாழ்ப்பாணத்துக்கு ஒருவன் திரும்பி வருகிறான். முன்னாள் போராளி. படத்தில் அவனுக்குப் பெயர் இல்லை. ஊர் அவனை அடையாளம் காணுகிறது; ஆனால் ஏற்றுக்கொள்ள மறுக்கிறது. எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போனவர்கள் நீங்கள், அவர்கள் எங்கே, நீ மட்டும் எப்படி உயிரோடு வந்தாய் என்ற கேள்வி ஒவ்வொரு வேலியிலும் நிற்கிறது. அவன் விரும்பிய பெண்ணை வேறொருவருக்குக் கட்டிக்கொடுத்து, இப்போது அவள் விதவை. வேலை தேடி ஒரு நகைக்கடையில் காவலாளியாகச் சேர்கிறான். அந்த வேலையை இழந்தவனின் மனைவி அவனைத் தேடி வருகிறாள். முதலாளியின் தொழிலுக்குப் பின்னால் கடத்தல் இருப்பது மெல்ல மெல்லத் தெரியவருகிறது. அதன்பிறகு அது குற்றப்படம்.

தர்ஷன் தர்மராஜ் அவனாக நடித்தார். அந்த உடம்பை மறக்க முடியாது. பெரிய தோள், கனத்த நடை. வாசலில் நிற்கும்போது எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியாத கூச்சம். துவக்கோடு நின்று பழகிய உடம்பு துவக்கு இல்லாமல் எப்படி நிற்கும் என்பதை அவர் ஒரு சொல்லும் இல்லாமல் காட்டினார். சுபாஷினி பாலசுப்பிரமணியமும் நிரஞ்சனி சண்முகராஜாவும் அவருக்கு ஈடாக நின்றார்கள். தர்ஷன் 2022 ஒக்டோபர் 2 அன்று, நாற்பதைச் சற்றுத் தாண்டிய வயதில் இறந்துபோனார். தமிழிலும் சிங்களத்திலும் அவர் செய்திருக்க வேண்டிய வேலை எவ்வளவோ மிச்சம்.

படத்தில் எனக்குக் குறையும் உண்டு. கடத்தல் பகுதி வந்ததும் ஹந்தகம அவசரப்படுகிறார். முதற்பாதியில் ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் இடையில் விட்ட இடைவெளியைப் பிற்பாதியில் சம்பவங்களால் நிரப்பிவிடுகிறார். ஆனால் அவர் பிடித்த அடிப்படை உண்மை பெரியது. மெல்விலின் படத்தில் கொலைகாரனைப் பொலிஸ் துரத்துகிறது. குற்றம் திரைக்குள்ளே நடக்கிறது, கணக்கும் அங்கேயே தீர்கிறது. இனி அவனில் பெரிய குற்றங்கள் எல்லாம் படம் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டன. செய்தவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார்கள், துரத்துவதற்கு ஆள் இல்லை. மிச்சமிருப்பது சின்னக் கடத்தல் மட்டும். இந்த வகைப் படத்தை நம்முடைய மண்ணுக்குக் கொண்டுவரும்போது இப்படித்தான் மாறும், மாறத்தான் வேண்டும்.

குறிகட்டுவான் பஸ் அல்லைப்பிட்டியைத் தாண்டித்தான் வருகிறது என்றேன். அந்த ஊரில் பிறந்தவர் ஷோபாசக்தி. பதின்ம வயதில் இயக்கத்துக்குப் போய், 1986இல் விலகி, பல நாடுகள் அலைந்து, 1993இல் பிரான்ஸ் சேர்ந்தவர். 'கொரில்லா' நாவலில் தீவகத்தைத் தமிழ் உரைநடையில் யாரும் எழுதாத வேகத்தில் எழுதினார். ஜாக் ஓடியார் எடுத்த 'தீபன்' படத்தில் முக்கிய பாத்திரம் அவர். 2015 மே 24 அன்று கோயன் சகோதரர்கள் தலைமை தாங்கிய நடுவர் குழு அதற்குத் தங்கப்பனை விருதைக் கொடுத்தது. அல்லைப்பிட்டிக்காரன் ஒருவன் கான் மேடையில் நின்றான் என்பதை நம்முடைய ஆட்கள் இன்னும் போதுமான அளவு கொண்டாடவில்லை.

அந்தப் படத்தின் தொடக்கத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. செத்த தோழர்களின் உடல்கள் எரிகின்றன. அவன் தன் சீருடையைக் கழற்றி அந்த நெருப்பில் போடுகிறான். யாரோ ஒருவனின் கடவுச்சீட்டு, அந்தச் சீட்டுக்குப் பொருந்த யாரோ ஒருத்தி, முகாமில் தேடிப் பிடித்த யாரோ ஒரு சிறுமி. மூன்று பேரும் குடும்பமாகிறார்கள். அடுத்து முழு இருட்டு. அதற்குள்ளிருந்து நீலப் புள்ளிகள் மினுங்கிக்கொண்டு மெல்லக் கிட்ட வருகின்றன. கிட்ட வந்தபிறகுதான் தெரிகிறது, அது ஒரு மனிதனின் தலையில் மாட்டிய மின்னும் விளையாட்டுக் காது. பாரிஸ் தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்கு விளையாட்டுச் சாமான் விற்கும் தீபன். ஓர் அகதியின் வாழ்க்கையை அந்த ஒரு ஷொட்டில் சொல்லிவிட்டார்கள். பிறகு அவன் நகரத்துக்கு வெளியே ஒரு தொடர்மாடியில் காவலாளி. எதிர் மாடியில் போதைமருந்துக் கும்பல். ஒரு துவக்கை விட்டு வந்தவன் இன்னொரு துவக்குக்கு முன்னால். கடைசிச் சண்டையில் படம் தன்னுடைய நிதானத்தை இழந்துவிடுகிறது. அதைத் தமிழர்களும் சொன்னார்கள், பிரெஞ்சுக்காரர்களும் சொன்னார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் கடிதப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டும் படிக்கட்டைக் கூட்டிக்கொண்டும் அவன் அந்தக் கட்டடத்தை அறிந்துகொள்ளும் பகுதிகள் உலக சினிமாவில் எந்தத் தனியனுக்கும் குறைந்தவை இல்லை.

தங்கப்பனை கிடைத்த அதே மே மாதத்தில் புங்குடுதீவில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். 13ஆம் திகதி பள்ளிக்கூடம் போன மாணவி ஒருவர் வழியில் கடத்தப்பட்டு, வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். வடக்கு முழுவதும் கொதித்தது. யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்தின் மீது கல் விழுந்தது. 2017 செப்டெம்பர் 27 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது, இருவரை விடுவித்தது. தண்டனை பெற்றவர்களில் சுவிற்சர்லாந்திலிருந்து வந்து நின்றவரும் இருந்தார். எல்லோரும் ஊருக்குத் தெரிந்த முகங்கள். ஆற்றை பிள்ளை என்று கேட்டால் சரியான மறுமொழி சொல்லக்கூடியவர்கள். அறியாத முகத்துக்குத்தான் பயப்பட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த ஊருக்கு இது எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்று குறிகட்டுவானுக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது தென்னிலங்கை யாத்திரை பஸ்கள். நாகதீப விகாரைக்குப் போகும் சனம் வெள்ளை உடுப்போடு வரிசையில் நிற்கும். நாகபூசணி அம்மனுக்குப் போகிறவர்களும் அதே வரிசை, அதே படகு, அதே செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி. ஒடியல், பனங்கட்டி, கருவாடு விற்கும் கடைக்காரர்கள் விலையைச் சிங்களத்தில் கூப்பிடுவார்கள். நெடுந்தீவுக்குக் குமுதினி பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓடியிருக்கிறது. வடதாரகை வந்தது, 2017இல் நெடுந்தாரகை வந்தது. சோளகம் பெயர்ந்தால் எந்தப் படகு ஓடும், எது ஓடாது என்று நெடுந்தீவார் இன்றைக்கும் துறையில் நின்றுதான் அறிந்துகொள்கிறார்கள்.

ஆடி, ஆவணியில் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். வான் வந்து நிற்கும், பாரிஸிலும் ரொறொன்ரோவிலும் பிறந்த பிள்ளைகள் முதலில் குதிப்பார்கள், தகப்பன் கடைசியாக இறங்குவார். ஐம்பது, அறுபது வயது. இப்படி ஒருவரை நான் துறையோரம் கவனித்தபடி நின்றேன். அவர் கடலைப் பார்க்கவே இல்லை. நிற்கிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். யாத்திரைக்காரர், கடற்படைப் பையன், கடைக்காரர், கைத்தொலைபேசியில் குனிந்திருக்கும் மாணவர்கள். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. கடைசியில் அவரே கடைக்காரரிடம் போய், “நான் புங்குடுதீவுதான் அண்ணை, பத்தாம் வட்டாரம்” என்றார். கடைக்காரர் தலையாட்டினார், அவர் வேறு ஊரிலிருந்து வந்து கடை போட்டவர். பனங்கட்டி ஒரு குட்டான் சுற்றிக் கொடுத்தார். வந்தவர் காசைக் கொடுத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார், வேறு யாராவது வருவார்களோ என்று.

ஹந்தகமவின் அவனுக்கும் இந்த மனிதருக்கும் கதை வேறு, குற்றம் வேறு. ஒருவனை எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பேசுவதில்லை. மற்றவரோடு எல்லோரும் பேசுவார்கள், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சொந்தத் துறையில் இறங்கி அந்நியராக நிற்பது இருவருக்கும் நடந்திருக்கிறது. 'வாடைக்காற்று' எழுதிய காலத்தில் இப்படி ஒரு பாத்திரத்தைக் கற்பனை செய்ய ஆள் இல்லை. இன்று அவர் இல்லாத படகு இல்லை.

இதைப் படமாக்கத் தேவையான வசதியும் இப்போது இருக்கிறது. 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. நீண்ட மௌனத்தைப் பொறுமையாகப் பார்க்கிற இளம் கூட்டம் அங்கே வந்து உட்காருகிறது. பொன்மணிக்கு வாய்க்காத கூட்டம் அது. கமரா ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இருக்கிறது. ஆனாலும் நம் இளைஞர்கள் எடுக்கும் குறும்படங்களில் பாதிக்குமேல் தமிழ்நாட்டுச் சண்டைப் படத்தின் நடையும் வசனமும்தான் கேட்கிறது. குற்றக் கதை என்றால் வாளும் மோட்டார் சைக்கிளும் என்று நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்றைக் கேட்பேன். ஒரு நாள் முழுக்கக் குறிகட்டுவானில் கமராவை ஓரிடத்தில் வைத்துவிட்டு, வருகிறவர்களையும் போகிறவர்களையும் பாருங்கள். இயந்திரச் சத்தமும் காற்றும் போதும், பின்னணி இசை வேண்டாம். குமுதினியிலிருந்து உயிர் தப்பியவர்கள் சிலர் இன்னும் அதே வழியால் போய்வருகிறார்கள். பக்கத்தில் போய் இருங்கள், அவர்கள் தொடங்கட்டும்.

இதுவரை வந்த மூன்று முக்கியமான படங்களை எடுத்துப் பார்த்தால், 'பொன்மணி'யின் எழுத்து ஊர்காவற்றுறையிலிருந்து வந்தது, 'தீபன்' படத்தின் முகம் அல்லைப்பிட்டியிலிருந்து வந்தது, 'இனி அவன்' கதை நம் முற்றத்தில் நடந்தது. கமராவை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர்கள் பத்திராஜ, ஹந்தகம, ஓடியார். மூவருக்கும் நான் நன்றியுள்ளவன். அடுத்த படத்தில் அந்த முடிவை எடுப்பவர் குறிகட்டுவானில் பஸ்ஸுக்கும் படகுக்கும் காத்திருந்து வளர்ந்த ஒருவராக இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அது ஒரு பெண்ணாக இருந்தால் இன்னும் மகிழ்வேன், ஏனென்றால் அந்தத் துறையில் தனியாக நிற்பது என்றால் என்ன என்று புங்குடுதீவுப் பெண்பிள்ளைகளுக்கு 2015க்குப் பிறகு நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.